அவசரப்படாத ரம்பம்

வீட்டில் இரும்பு வேலை செய்து பார்க்க ஆசைப்படுகிறவர்கள் சாமான் வாங்கும் வரிசை ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கிறது. முதலில் டிரில்லிங் மெஷின். அடுத்து நாலு அங்குல கிரைண்டர். இன்வெர்ட்டர் வெல்டிங் மெஷின் ஒற்றைக் கையில் தூக்கிப் போகிற எடைக்கு வந்த பிறகு அதுவும் சேர்ந்துகொள்கிறது. இன்னும் தீவிரமானவர்கள் பழைய லேத், அதாவது கடைசல் மெஷின் ஒன்றைத் தேடிப் பிடிக்கிறார்கள். இரும்பு அறுப்பதற்கென்று தனியாக ஒரு ரம்பம் வேண்டும் என்று மட்டும் யாருக்கும் தோன்றுவதில்லை. கேட்டால், "அதுதான் கிரைண்டர் இருக்கே" என்பார்கள்.

கோவையில் பட்டறை வைத்திருப்பது அதிசயமான விஷயமில்லை. கணபதியிலும் சிங்காநல்லூரிலும் வீட்டின் முன் அறையே லேத் பட்டறையாக இருக்கிற தெருக்கள் உண்டு. என்னுடையது அந்த ரகம் கிடையாது. சோற்றுக்கு வேறு வேலை இருக்கிறது. வீட்டுக்குப் பின்னால் துவைக்கும் கல் கிடந்த இடத்தில் தகரக் கூரை போட்ட பத்துக்குப் பன்னிரண்டு அடி இடம். ஒரு பக்கச் சுவருக்கு அந்தப் புறம் பக்கத்து வீட்டின் படுக்கையறை. மாடித் தோட்டத்துக்கு ஸ்டாண்டு, கேட்டுக்குக் கொண்டி, ஊஞ்சலுக்குக் கொக்கி, லேத்தில் சின்னச் சின்ன புஷ், பின் என்று ஏதாவது ஓடிக்கொண்டிருக்கும். இவை எல்லாவற்றுக்கும் முதல் வேலை ஒன்றுதான்: நீளமாக இருக்கிற இரும்பைத் துண்டு போடுவது. அந்த முதல் வேலையைத்தான் நாம் எல்லோரும் கையில் கிடைத்ததை வைத்து ஒப்பேற்றிக்கொண்டிருக்கிறோம்.

கையால் அறுப்பதை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆக்சா என்கிற கை இரும்பு ரம்பத்தின் பிளேடு 12 அங்குலம், தடிமன் 0.65 மி.மீ. ஒழுங்கான பிரேமில் இழுத்து முறுக்கி, பல் முன்னோக்கி இருக்கும்படி மாட்டி, நிமிடத்துக்கு நாற்பது ஐம்பது வீச்சுக்கு மேல் போகாமல், பிளேடின் முழு நீளமும் பயன்படுகிற மாதிரி தள்ளினால் 25 மி.மீ. சதுரக் குழாயை அறுப்பது பெரிய பாடே இல்லை. கடையில் கிடைக்கிற மிக மலிவான கார்பன் ஸ்டீல் பிளேடை வாங்கிவிட்டு ஆக்சாவைத் திட்டுகிறவர்கள் ஒருமுறை பை-மெட்டல் பிளேடு மாட்டிப் பார்க்க வேண்டும். பல் இருக்கிற ஓரம் ஹைஸ்பீடு ஸ்டீல், முதுகு வளைந்துகொடுக்கிற ஸ்பிரிங் ஸ்டீல். பல் சீக்கிரம் மழுங்காது, பிளேடு டப்பென்று ஒடியாது.

அங்குலத்துக்கு எத்தனை பல் என்பதை நிறையப் பேர் பார்ப்பதே இல்லை. கடைக்காரர் கொடுப்பதை வாங்கி வந்துவிடுவார்கள். 14, 18, 24, 32 என்று நாலு வகை உண்டு. எந்த நேரத்திலும் குறைந்தது மூன்று பல்லாவது இரும்புக்குள் இருக்க வேண்டும் என்பது பழைய பட்டறைக் கணக்கு. 24 பல் பிளேடில் பல்லுக்குப் பல் இடைவெளி ஒரு மில்லிமீட்டரும் கொஞ்சமும். 1.6 மி.மீ. தடிமனுள்ள குழாயை அதை வைத்து நேராக அறுத்தால் குழாயின் விளிம்பு இரண்டு பல்லுக்கு நடுவே விழுந்து பல்லைப் பிடுங்கும். 32 பல்லிலேயே மூன்று வராது. அதனால்தான் அனுபவசாலிகள் மெல்லிய குழாயை அறுக்கும்போது பிளேடைச் சாய்த்துப் பிடிக்கிறார்கள். சாய்வில் போகும்போது பல்லுக்கு அடியில் அகப்படுகிற இரும்பு கூடிவிடுகிறது. இந்தக் கணக்கு பின்னால் மெஷின் ரம்பத்துக்கும் அப்படியே வேண்டியிருக்கும்.

ஆக்சா கைவிடுகிற இடம் இரண்டு. ஒன்று எண்ணிக்கை. ஒரு செடி ஸ்டாண்டுக்கே இருபது துண்டு ஒரே நீளத்தில் வேண்டும். மற்றொன்று பருமன். 50 மி.மீ. உருண்டைக் கம்பியைக் கையால் அறுக்க முடியும்தான். ஆனால் பாதியில் வெட்டு ஒரு பக்கமாக நழுவ ஆரம்பித்தால் திரும்ப நேராக்குவது நடக்காத காரியம். சாய்ந்து போன முகத்தை லேத்தில் சீராக்கியே நாலைந்து மில்லிமீட்டர் கரைந்துவிடும்.

அங்கேதான் கிரைண்டர் உள்ளே வருகிறது. 100 மி.மீ. கிரைண்டர் நிமிடத்துக்கு 11,000 சுற்று சுற்றும். கட்டிங் வீலின் விளிம்பு அப்போது நொடிக்கு 60 மீட்டர், அதாவது மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேலான வேகத்தில் ஓடுகிறது. ஒரு மில்லிமீட்டர் தடிமனுள்ள வீல் இருபது முப்பது ரூபாய்தான். ஸ்கொயர் டியூபை நொடிகளில் அறுத்துப் போட்டுவிடும். வெளியே சைட்டில் வேலை செய்கிறவர்களுக்கு இதைவிட நல்ல கருவி கிடையாது. 1954இல் ஜெர்மனியின் ஃபிளெக்ஸ் நிறுவனம் இந்த வேகமான ஆங்கிள் கிரைண்டரைக் கொண்டுவந்தது. அங்கே இன்றைக்கும் பலர் கிரைண்டரையே 'ஃபிளெக்ஸ்' என்றுதான் சொல்கிறார்கள்.

வீட்டுக்கு ஏன் சரிப்படாது என்பது வாங்கிய சில மாதங்களில்தான் தெரியவரும். அந்தப் பொறி மழை பார்க்க அழகாகத்தான் இருக்கும். அதில் பறப்பது பழுக்கக் காய்ந்த இரும்புத் துகளும் வீலிலிருந்து உதிர்கிற அலுமினியம் ஆக்சைடு மணலும். இரும்புத் துகள் ஜன்னல் கண்ணாடியில் பட்டால் உருகி ஒட்டிக்கொள்ளும், துடைத்தால் வராது. தரை ஓட்டில் விழுந்தவை முதல் மழைக்குத் துருப்பிடித்துப் பழுப்புப் புள்ளிகளாகக் கிளம்பும். வீல் மணலோ இன்னும் மோசம். லேத் படுக்கையில் எண்ணெய் எப்போதும் ஒரு படலமாக இருக்கும். அந்த எண்ணெயில் இந்த மணல் போய் உட்கார்ந்தால் டூலைத் தாங்கி நகர்கிற சேடில் போகும்போதும் வரும்போதும் படுக்கையைத் தேய்த்துக்கொண்டே இருக்கும். நீங்கள் காசு கொடுத்து வாங்கிய துல்லியத்தை நீங்களே அரைத்துக் கொட்டுகிறீர்கள் என்று அர்த்தம். லேத் இருக்கிற அறையில் கிரைண்டரை ஓட்டக் கூடாது என்று பழைய மிஸ்திரிகள் சத்தம் போடுவது இதனால்தான். பெரிய பட்டறையில் கிரைண்டிங் செக்‌ஷனைத் தனியாகத் தடுத்துவிடலாம். பத்துக்குப் பன்னிரண்டில் எங்கே தடுப்பது?

கட்டிங் வீலின் நடுவே இருக்கிற உலோக வளையத்தில் மாதமும் வருடமும் அடித்திருக்கும். அது காலாவதித் தேதி. வீலைக் கட்டியிருக்கிற ரெசின் ஈரத்தையும் வயதையும் தாங்காது என்பதால் தயாரித்து மூன்று வருடம்தான் கணக்கு. வீட்டுப் பட்டறையில் மொத்தமாக வாங்கி அலமாரியில் போட்டு மறந்த வீல்கள் நிறைய இருக்கும். மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிற ஒன்று தெறித்தால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. இந்தப் பத்தியைப் படித்த கையோடு போய் வளையத்தைப் பாருங்கள்.

இதையெல்லாம்கூட பொறுத்துக்கொள்ளலாம். சத்தம்தான் பொறுக்க முடியாதது. விடுமுறை நாள் காலையில் குழாய் ஒன்றை எடுத்து வைத்தால் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, "அண்ணா, பையனுக்குப் பரீட்சைங்ணா" என்று குரல் வரும். சண்டைக்காரர்கள் அல்ல, தங்கமான மனிதர்கள். அதனாலேயே அந்தக் குரலுக்குப் பிறகு வேலை ஓடாது. வேலை முடித்து வந்து இரவு எட்டு மணிக்கு ஒரே ஒரு துண்டு போட வேண்டும் என்றாலும் முடியாது. வீட்டுப் பட்டறைக்காரனுக்குக் கிடைக்கிற நேரமே அதுதான்.

ஆக, தேடியது வேகமான ரம்பம் அல்ல. இரவு எட்டு மணிக்கு ஓட்டக்கூடிய ரம்பம்.

மெஷின் ரம்பம் என்று கடையில் கேட்டால் முதலில் நீட்டுவது 14 அங்குல கட்டிங் மெஷின், பட்டறை பாஷையில் சாப் சா. பாஷ், டிவால்ட், மகிதா என எல்லோரும் செய்கிறார்கள். கேட் பட்டறைகளில் அடிக்கிற அந்தக் காதைப் பிளக்கிற சத்தம் இதனுடையதுதான். 355 மி.மீ. வீல், நிமிடத்துக்கு 3,800 சுற்று அளவில், 2,000 வாட்டுக்கு மேல் இழுக்கும். 16 ஆம்பியர் பிளக் பாயிண்ட் தனியாக வேண்டும். சுவிட்சைத் தட்டும்போது இழுக்கிற முதல் இழுப்பில் வீட்டு எம்.சி.பி. விழுந்தாலும் ஆச்சரியமில்லை. கிரைண்டரின் குறைகள் அத்தனையும் இதில் பெரிய அளவில் இருக்கின்றன. கூடுதலாக ஒன்று: வீல் மெல்லியது, அழுத்தினால் வளையும். வெட்டு முகம் ஒரு டிகிரி அரை டிகிரி கோணலாகத்தான் வரும். வெல்டிங் வைத்து அடைக்கிற கேட்டுக்கு அது போதும்.

லேத்துக்குப் போகிற கம்பிக்குப் போதாது. ஈ.என்.8 மாதிரி 0.4 சதவீதம் கார்பன் உள்ள கம்பியை வீலில் அறுத்தால் வெட்டு முகம் சிவந்து, பின்னால் இருக்கிற பருமனான குளிர்ந்த இரும்பு அந்தச் சூட்டை உறிஞ்சிக்கொள்ளும். வெட்டு முகம் அப்படியே டெம்பர் ஏறி, கடினமாகிப் போகும். அந்த முகத்தில் லேத் டூலை வைத்தால் முனை போய்விடும். கடையில் அறுத்து வாங்கி வந்த கம்பி முதல் கட்டிலேயே ஏன் இவ்வளவு முரண்டு பிடிக்கிறது என்று குழம்புகிறவர்கள் இந்தக் காரணத்தை யோசித்துப் பார்க்கலாம்.

இதே உருவத்தில் கார்பைடு பல் வைத்த பிளேடோடு வருகிற மெஷின் இருக்கிறது. 1,300, 1,500 சுற்றுதான். பொறி அவ்வளவாக இல்லை, வெட்டு முகம் பளபளவென்று கையால் தொடுகிற சூட்டில் வரும். நல்ல சாதனம். ஆனால் சத்தம் அப்படியே இருக்கிறது, பிளேடு விலை கையைக் கடிக்கும், பாதி வெட்டில் துண்டு அசைந்தால் கார்பைடு பல் உதிரும். ஒன்றை மட்டும் சொல்லி நகர்கிறேன்: அந்த பிளேடை 3,800 சுற்று மெஷினில் மாட்டக் கூடாது. துளை அளவு ஒன்றாக இருக்கிறதே என்று மாட்டிப் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள்.

மனதுக்கு மிகவும் பிடித்தது பவர் ஆக்சா. நம் ஊர்ப் பழைய பட்டறைகளில் மூலையில் நின்று கரக் கரக் என்று தன்பாட்டுக்கு அறுத்துக்கொண்டிருக்குமே, அது. பஞ்சாபின் பட்டாலாவிலும் குஜராத்தின் ராஜ்கோட்டிலும் வார்த்து வந்தவை தமிழ்நாடு முழுக்க இருக்கின்றன. கையால் அறுக்கிற அதே அசைவை ஒரு கிராங்க் செய்கிறது. திரும்பி வரும்போது பிளேடைக் கொஞ்சம் தூக்கிக்கொள்கிற ஏற்பாடுகூட உண்டு. கெட்டுப்போக அதில் எதுவுமே இல்லை. உக்கடம் பழைய இரும்புக் கடைகளில் கிலோ விலைக்கே அகப்படும். பார்த்த ஒன்றின் வார்ப்பு உடம்பைத் தட்டிப் பார்த்து, விலையும் பேசி, கடைசியில் அளந்து பார்த்தபோதுதான் கனவு கலைந்தது. தரையில் அது பிடிக்கிற இடம், பிரேம் பின்னால் போய்வருகிற இடம், நீளக் கம்பி நீட்டி நிற்கிற இடம் மூன்றையும் கூட்டினால் லேத் வெளியே போக வேண்டும். ஒரு வீச்சில் மட்டும் அறுத்து, மறு வீச்சில் சும்மா திரும்புகிற மெஷினுக்காக லேத்தை மழையில் நிறுத்த மனம் வரவில்லை.

மிஞ்சியது பேண்ட் சா. பட்டை ரம்பம். பட்டறைக்காரர்களிடம் பேண்ட் சா என்றால் ஹைட்ராலிக்கில் இறங்குகிற, பிளேடைக் குளிர்விக்கிற கூலன்ட் பம்ப் வைத்த, ஆள் உயர மெஷின்தான் நினைவுக்கு வரும். வீட்டுக்கு அதன் குட்டி ஒன்று இருக்கிறது. தைவானில் பிறந்து இப்போது பெரும்பாலும் சீனத்திலிருந்து வருவது. உலகம் முழுக்க வீட்டுப் பட்டறைக்காரர்கள் 'நாலுக்கு ஆறு' என்று சொல்வார்கள். உருண்டை 115 மி.மீ. வரை, பட்டை இரும்பு நூறுக்கு நூற்றைம்பது மி.மீ. வரை அறுக்கும். அரை குதிரைத்திறன் மோட்டார், அதாவது 373 வாட். மிக்ஸி ஓடுகிற பிளக்கிலேயே ஓடும்.

காட்டூர் பக்கம் ஒரு மெஷினரிக் கடையில் இதைக் காட்டிய அண்ணனிடம், ரெண்டு அங்குலக் கம்பி அறுக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டேன்.

"அஞ்சு நிமிசம் ஆகுமுங்க."

"கட்டிங் மெஷின்ல ஒரு நிமிஷம்கூட ஆகாதே?"

"அதுல நீங்க நின்னு அமுக்கோணும். இதுல மாட்டி வுட்டுட்டு நீங்க வேற வேலயப் பாருங்க. அறுத்து முடிச்சா அதுவே ஆஃப் ஆயிக்கும். உங்களுக்கு எது லாபம்னு நீங்களே சொல்லுங்க சார்."

ஒரு விற்பனைக்காரர் சொன்ன பேச்சை அப்படியே நம்புகிற பழக்கம் எனக்கு இல்லை. ஆனால் இதில் பொய் எதுவும் இல்லை. தலைப்பகுதி தன் எடையிலேயே கீழே இறங்கும். அந்த எடையில் எவ்வளவு பிளேடுக்குப் போக வேண்டும் என்பதை ஒரு ஸ்பிரிங் கட்டுப்படுத்தும். வெட்டு முடிந்து தலை கீழே வரும்போது ஒரு தகடு சுவிட்சைத் தட்டிவிடும். சத்தம்? பக்கத்தில் நின்று சாதாரணக் குரலில் பேசிக்கொள்ளலாம். பொறி கிடையாது. இரும்புத் தூள் கீழே தட்டில் விழுகிறது. துத்தநாகம் பூசிய ஜி.ஐ. பைப்பை வீலில் அறுத்தால் துத்தநாகம் எரிந்து வெள்ளைப் புகை வருமே, அது இதில் இல்லை. வெட்டில் வீணாகும் அகலம் ஒரு மில்லிமீட்டரை ஒட்டித்தான். 14 அங்குல வீல் மூன்று மில்லிமீட்டர் தின்னும். எம்.எஸ். என்கிற சாதாரண இரும்பில் இது பொருட்டில்லை. பித்தளைக் கம்பியைக் கிலோ கணக்கில் வாங்கிப் பாருங்கள், ஒவ்வொரு மில்லிமீட்டரும் கண்ணுக்குத் தெரியும்.

மரம் அறுக்கிற பேண்ட் சா இருந்தால் இரும்பு பிளேடு மாட்டி இதற்கும் வைத்துக்கொள்ளலாமா என்று சிலர் கேட்கிறார்கள். முடியாது. மர மெஷினில் பட்டை நிமிடத்துக்கு 900 மீட்டர் அளவில் ஓடும். எம்.எஸ். இரும்புக்கு 60 மீட்டரைத் தாண்டினால் கூலன்ட் இல்லாத பிளேடு கருகும், ஸ்டெயின்லெஸ்ஸுக்கு அதில் பாதிதான். இந்தக் குட்டி மெஷினில் புல்லி மாற்றி மூன்று வேகம் வைக்கலாம். இணையத்தில் பார்த்தால் நிமிடத்துக்கு 80, 120, 200 அடி என்று இருக்கும். அது 60 ஹெர்ட்ஸ் அமெரிக்க மின்சாரத்துக்கான கணக்கு. நம்முடைய 50 ஹெர்ட்ஸில் மோட்டார் ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் சுற்றும் என்பதால் சுமார் 20, 30, 50 மீட்டர் என்று எடுத்துக்கொள்ள வேண்டும். ஸ்டெயின்லெஸ்ஸுக்கும் ஈ.என்.8க்கும் குறைந்த வேகங்கள், எம்.எஸ்.ஸுக்கு நடுவேகமோ அதிவேகமோ, அலுமினியத்துக்கும் பித்தளைக்கும் அதிவேகம்.

இனி, குறைகள். விலை மலிவான மெஷினின் வார்ப்பில் எவ்வளவு அக்கறை இருக்குமோ அவ்வளவுதான் இருக்கும். தகரத்தில் செய்த கால்கள் ஆடும். 40-க்கு 40 ஆங்கிளில் (L வடிவ இரும்பில்) நீங்களே ஒரு ஸ்டாண்டு செய்துகொள்வது உத்தமம், அதற்குத்தானே மெஷினே வாங்கியது. கியர்பாக்ஸில் ஊற்றியிருக்கிற எண்ணெயைக் கொஞ்ச நாள் ஓட்டிய பிறகு வடித்துவிட்டு, உள்ளே துடைத்து, புது கியர் ஆயில் விடுவது நல்லது. பெட்டியோடு கொடுக்கிற பிளேடைச் சுருட்டி எறிந்துவிடலாம்.

உண்மையான வேலை பட்டையை நேராக ஓட வைப்பதில் இருக்கிறது. இரண்டு சக்கரங்களும் சாய்வாக இருக்கும். அறுக்கிற இடத்தில் மட்டும் பட்டையைத் திருப்பி நிமிர்த்துவது இரண்டு பக்கமும் இருக்கிற பேரிங் ஜோடிகள். ஒவ்வொரு ஜோடியிலும் ஒரு பேரிங்கின் அச்சு மையம் விலகி இருக்கும். ஸ்பேனரால் திருப்பினால் பட்டையை நெருங்கும், விலகும். மூலைமட்டத்தை மேசையில் நிறுத்தி பட்டையோடு ஒட்டிப் பார்த்து, வெளிச்சம் மேலும் கீழும் ஒரே மாதிரி தெரிகிற வரை திருப்ப வேண்டும். அதற்குப் பிறகு இரும்பை இறுக்கிப் பிடிக்கிற வைஸின் நிலைத்தாடை பட்டைக்குச் செங்கோணமா என்று பார்க்க வேண்டும். சக்கரத்தில் பட்டையின் முதுகு விளிம்புச் சுவரை நெருங்கி ஓட வேண்டும், உரசக் கூடாது. ஒரு மாலை முழுக்கப் போகும். அந்த மாலையைச் செலவு செய்யாதவர்கள்தான் "சைனா மெஷின், கோணலா அறுக்குது" என்று விற்றுவிடுகிறார்கள். பழையதாக வாங்க நினைப்பவர்களுக்கு அது நல்ல செய்தி.

பிளேடு விஷயத்துக்கு வருவோம். இந்த மெஷினுக்கு 1,638 மி.மீ. நீளம், 13 மி.மீ. அகலம், 0.65 மி.மீ. தடிமன். பெட்டி பெட்டியாக வாங்க வேண்டியதில்லை; பேண்ட் சா பிளேடு விற்கிற கடையில் நீளம் சொன்னால் சுருளிலிருந்து வெட்டி, இரண்டு முனையையும் சேர்த்து பட் வெல்டு வைத்துக் கொடுத்துவிடுவார்கள். லெனாக்ஸ், விக்கஸ் என்று எந்த நல்ல கம்பெனி பை-மெட்டலும் சரி. வாங்கும்போது அந்த ஒட்டை விரலால் தடவிப் பார்க்க வேண்டும். தடிப்பாக இருந்தால் பேரிங்கில் ஒவ்வொரு சுற்றுக்கும் டக் டக் என்று இடிக்கும், கடைசியில் அங்கேயே அறும். பட்டை ரம்பம் என்கிற யோசனை பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இங்கிலாந்தில் வில்லியம் நியூபெரிக்கு வந்துவிட்டது, காப்புரிமையும் வாங்கிவிட்டார். ஆனால் ஓயாமல் சக்கரத்தில் வளைந்து நிமிர்கிற பட்டையின் ஒட்டு நிற்கவில்லை. பிரான்ஸைச் சேர்ந்த ஆன் போலின் கிரெப்பின் என்ற பெண்மணி நிற்கிற மாதிரி ஒட்டும் முறையைக் கண்டுபிடித்து 1846இல் காப்புரிமை கேட்ட பிறகுதான் பேண்ட் சா என்பதே நடைமுறைக்கு வந்தது. காட்டூரில் ஒட்டைத் தடவிப் பார்க்கும்போது அவரை நினைத்துக்கொள்வது தப்பில்லை.

பல் கணக்கு இங்கேயும் அதே மூன்றுதான். 10/14 என்று போட்டிருக்கிற பிளேடில் பல் இடைவெளி மாறி மாறி வரும். ஒரே சீராக இருந்தால் எழுகிற அதிர்வு இதில் அடங்கிவிடும். பெரும்பாலான வீட்டு வேலைக்கு இதுவே போதும். மெல்லிய குழாய் மட்டுமே அறுக்கிறவர்கள் 14/18, பருமனான கம்பி அதிகம் அறுக்கிறவர்கள் 6/10. ஆங்கிளை வைஸில் பிடிக்கும்போது பெரும்பாலோர் ஒரு காலைத் தரையில் படுக்கவிட்டு மறுகாலை நிறுத்துகிறார்கள். அப்படி வைத்தால் நிற்கிற காலில் பட்டைக்குக் கிடைப்பது 5 மி.மீ. இரும்பு, படுத்த காலை எட்டியதும் திடீரென்று 40 மி.மீ. முழுக்கக் குறுக்கே வந்து நிற்கும். முதுகு மேலே, இரண்டு காலும் கீழே என்று கவிழ்த்துப் பிடித்தால் ஆரம்பம் முதல் கடைசி வரை ஏறக்குறைய ஒரே அளவு இரும்பைத்தான் பட்டை சந்திக்கும். கவிழ்த்ததை வைஸ் தாடை நழுவாமல் பிடிக்க, அடியில் ஒரு கட்டை செதுக்கி வைத்துக்கொள்ளலாம்.

புது பிளேடை மாட்டியதும் முழு எடையும் கொடுக்கக் கூடாது. பல் முனைகள் அப்போது ஊசியாக இருக்கும்; ஆரம்பத் துண்டுகளைப் பாதி அழுத்தத்தில் அறுத்தால் முனை மிக லேசாக மழுங்கி நிலைத்துக்கொள்ளும், பிறகு நெடுநாள் உழைக்கும். பழைய பிளேடு பாதி அறுத்து விட்டுப்போன தடத்தில் புது பிளேடை இறக்கவே கூடாது. பழையதன் பல் தேய்ந்து தடம் ஒடுங்கியிருக்கும். புதுசு உள்ளே போய் இறுகும். கம்பியைத் திருப்பிப் போட்டு எதிர்ப்பக்கமிருந்து ஆரம்பிப்பதுதான் வழி.

அழுத்தம் சரியா என்பதற்கு மீட்டர் தேவையில்லை, தட்டில் விழுகிற தூளைப் பார்த்தால் போதும். துருவிய தேங்காய்ப்பூ மாதிரி சுருண்டு வெள்ளையாக விழுந்தால் எல்லாம் சரி. மாவாக விழுந்தால் பட்டை அறுக்கவில்லை, தேய்த்துக்கொண்டிருக்கிறது. எடை கூட்ட வேண்டும். தடித்து நீலம் பாய்ந்து விழுந்தால் எடை அதிகம் அல்லது வேகம் அதிகம். ஸ்டெயின்லெஸ்ஸில் இந்தத் தேய்ப்பு ஆபத்து. 304 ரகத்தைத் தேய்க்கத் தேய்க்க மேல் தோல் இறுகிக்கொண்டே போகும். பயந்து பயந்து லேசாக அறுத்தால் சிறிது நேரத்தில் எந்த பிளேடும் ஏறாது. வேகத்தைக் குறைத்து, அழுத்தத்தைத் தைரியமாகக் கொடுக்க வேண்டும். எண்ணெய் என்று பார்த்தால், எம்.எஸ்.ஸுக்குப் பிரஷ்ஷால் அவ்வப்போது கட்டிங் ஆயில் தடவினால் போதும், அலுமினியத்துக்கு மண்ணெண்ணெய். வார்ப்பு இரும்பும் பித்தளையும் எதுவும் கேட்பதில்லை.

சின்னத் துண்டை அறுப்பது இதில் தொல்லை. தாடையின் ஒரு ஓரத்தில் மட்டும் துண்டு இருந்தால் மறுமுனை உள்ளே சாய்ந்து பிடி விட்டுப்போகும். அதே பருமனில் இன்னொரு துண்டைத் தாடையின் மறுமுனையில் வைத்து இறுக்குவது எளிய வழி. அறுக்கிற ஒவ்வொரு சைஸிலும் ஒரு அங்குலக் கட்டை ஒதுக்கி ஒரு டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன். இன்னும் நேர்த்தியாக வேண்டுமென்றால் தாடையின் ஓரத்தில் மரை போட்டு ஒரு போல்ட்டை ஊன்றுகோலாக வைத்துவிடலாம்.

அடுக்குமாடியில் இருப்பவர்களுக்கு இந்த மெஷினும் பெரிதுதான். அவர்களுக்குக் கையில் பிடிக்கிற பேண்ட் சா இருக்கிறது. மகிதா, மில்வாக்கி போன்றவை செய்கின்றன, ஆறு கிலோ அளவில் இருக்கும். பல மாடல்களுக்கு 1,140 மி.மீ. பிளேடு. அதைக் குப்புறக் கவிழ்த்து ஒரு சின்ன மேசைக்கு அடியில் பொருத்தி நிற்கிற பேண்ட் சாவாக ஆக்கிக்கொள்கிறார்கள். வேலை முடிந்தால் கட்டிலுக்கடியில் தள்ளிவிடலாம். விலை குறைவில்லை. ஆனால் வீட்டில் இடத்தின் விலையைச் சேர்த்துப் பார்த்தால் நியாயம்தான்.

நாலுக்கு ஆறையும் நிமிர்த்தி நிறுத்தலாம். பட்டை செங்குத்தாக நிற்கும். கூட வருகிற தகட்டு மேசையைப் பொருத்தினால் பிளாட் என்கிற தட்டை இரும்பில் வளைவு வளைவாகக் கோடு போட்டு அறுக்கலாம். கொண்டிக்கு முகப்பு, பிராக்கெட் எல்லாம் இப்படிச் செய்தவைதான். கூட வரும் மேசை ஒரு தட்டு அளவுக்குக்கூட இருக்காது, 6 மி.மீ. பிளேட்டில் வேறு ஒன்று செய்து மாட்டுவது முதல் வாரத்து வேலை. பட்டைக்கும் உடம்புக்கும் நடுவே இடைவெளி குறைவு என்பதால் அகலமான தகட்டை உள்ளே நுழைக்க முடியாது.

அகலத் தகடு, வெல்டு வைத்து முடித்த பொருளில் ஒரு மூலையை எடுப்பது, சுவரில் பதித்த கம்பி, இவை இன்னமும் கிரைண்டருக்குத்தான். அதை வாசலுக்கு எடுத்துப் போய், பகல் நேரத்தில், கண்ணாடி போட்டுக்கொண்டு. பெரும்பாலும் இப்போது அதில் மாட்டியிருப்பது கட்டிங் வீல் அல்ல, வெல்டைச் சீவுகிற ஃபிளாப் டிஸ்க்.

இரும்புக் கடையிலும் பேச்சு குறைந்துவிட்டது. முன்பெல்லாம் நோட்டுத்தாளில் ஒன்றரை அடி எட்டு, ரெண்டே கால் அடி நாலு என்று எழுதிக்கொண்டு போய்ப் பையனிடம் கெஞ்ச வேண்டும். அவன் சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டு, கோட்டுக்கு அந்தப் பக்கமோ இந்தப் பக்கமோ வெட்டிக் கொடுப்பான். இப்போது 20 அடி நீளத்தை இரண்டு பத்தாகப் போட்டு ஆட்டோவில் ஏற்றச் சொன்னால் போதும்.